பழைய சவுண்டு சிப், புது லேப்டாப்: எமுலேட்டரில் ஒலி பிசிறாமல் வர

பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்தான் எமுலேட்டர். அதை எழுதுகிறவர்களுக்குப் படம் சீக்கிரம் வந்துவிடும். சத்தம்தான் இழுத்தடிக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு ‘டப்’. சுருதி சரியாக இருக்கும், தாளம் நொண்டும். பேச்சு வர வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல் வரும். உடனே பெரும்பாலானவர்கள் பஃபரை, அதாவது ஒலியைச் சற்றுத் தேக்கி வைக்கும் இடத்தை, 1024-இலிருந்து 4096 ஆக்கிப் பார்ப்பார்கள். டப் குறையும். ஆனால் கீயை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் வெடிச்சத்தம் கேட்கும். நொண்டின தாளம் அப்படியே நொண்டும்.

காரணம், இங்கே கலந்து கிடப்பவை இரண்டு கோளாறுகள். சிப்பின் நேரக் கணக்கு தவறுவது ஒன்று. கணக்கு சரியாக இருந்தும் சாம்பிள்கள் (ஒலி அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் சொல்லும் எண்கள்) சவுண்டு கார்டுக்கு வேளைக்குப் போய்ச் சேராதது மற்றொன்று. எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கருக்குப் போகும் அதே சாம்பிள்களை ரிங் பஃபருக்கு (முடிவை எட்டியதும் தொடக்கத்துக்கே சுற்றி வரும் பஃபர்) முன்னாலேயே ஒரு வேவ் கோப்பில் எழுதிவிட்டு ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து கேளுங்கள். கோப்பு சுத்தமாக இருந்து ஸ்பீக்கர் மட்டும் பிசிறினால் கோளாறு பஃபரில். கோப்பிலேயே பிசிறு இருந்தால் பஃபரைத் தொடவே வேண்டாம், சிப் கணக்கைப் பாருங்கள்.

கேட்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், ஓங்கிய கூரை உள்ள செட்டிநாட்டு வீட்டில் ஸ்பீக்கரில் கேட்டால், சுவர் திருப்பி அனுப்பும் எதிரொலி சின்னச் சின்ன டப்புகளை விழுங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நம்பி ஏமாந்து போவீர்கள்.

எந்தச் சிப்

உதாரணத்துக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்76489 சிப்பை எடுத்துக்கொள்வோம். 1980-களின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோவில் இருந்தது இதுதான். 1984-இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த மெஷினும் பிபிசி மைக்ரோதான் என்பதால் நமக்கு ஒருவகையில் உறவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் வால்வு ரேடியோ அகப்பட்டாலும் அகப்படும், ஓடுகிற பிபிசி மைக்ரோவை எதிர்பார்க்க முடியாது. ஆகவே எமுலேட்டர்தான் வழி.

சிப் எளிமையானது. மூன்று சதுர அலைச் சேனல்கள், ஓர் இரைச்சல் சேனல். பிபிசி மைக்ரோவில் இதற்கு வரும் கிளாக் 4 மெகாஹெர்ட்ஸ். சிப் அதை உள்ளே 16-ஆல் வகுத்துக்கொள்வதால் வினாடிக்கு 2,50,000 டிக். ஒவ்வொரு டோன் சேனலிலும் 10 பிட் எண் ஒன்று இருக்கும். அத்தனை டிக்குக்கு ஒருமுறை அலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே புரளும். ஆக அதிர்வெண் = 1,25,000 ÷ அந்த எண். எண் 284 என்றால் 440.14 ஹெர்ட்ஸ்.

சிபியு ஓடுவது 2 மெகாஹெர்ட்ஸில். அதாவது 8 சிபியு சைக்கிளுக்கு ஒரு சிப் டிக். இன்டர்லேஸ் (திரை வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரைவது) உள்ள ஒரு பிரேமுக்கு, அதாவது திரையை ஒருதடவை வரைவதற்கு, 40,000 சைக்கிள், 5,000 டிக், 48,000 ஹெர்ட்ஸில் 960 சாம்பிள். எல்லாமே முழு எண்கள். இந்த முழு எண்களை நம்பி நிரலை எழுதிவிடாதீர்கள், இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னால் வருகிறது.

எழுதிய நேரத்தைப் பிடிப்பது

முதல் எமுலேட்டரில் எல்லோரும் செய்வது இப்படி: ஒரு பிரேம் முழுக்க சிபியுவை ஓட்டு, பிறகு சிப்பிடம் 960 சாம்பிள் வாங்கு. அந்தப் பிரேமுக்குள் நிரல் சிப்புக்கு இருபது தடவை எழுதியிருந்தாலும், சிப் பார்ப்பது கடைசியாக எழுதியதை மட்டும்தான். பிபிசி மைக்ரோவின் இயக்க மென்பொருள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை, வினாடிக்கு 100 தடவை மாற்றுகிறது. பிரேம் வருவதோ வினாடிக்கு 50. ஆக, பாதிப் படிகள் காற்றோடு போய்விடும். மணி அடித்து அடங்குவது போன்ற ஒலி, படிக்கட்டில் தகரம் உருண்டதுபோல் கேட்கும்.

தீர்வு, சிப்புக்கு எது எழுதப்பட்டாலும் முதலில் சிப்பை அந்தக் கணம் வரை ஓட்டிவிட்டு, அப்புறம் ரிஜிஸ்டரை (சிப்புக்குள் மதிப்பு இருக்கும் சின்ன இடம்) மாற்றுவது:

எழுது(மதிப்பு, இப்போதைய_சைக்கிள்):
  சிப்பை_ஓட்டு(இப்போதைய_சைக்கிள் ÷ 8 வரை)
  ரிஜிஸ்டரை_மாற்று(மதிப்பு)

பிரேம் முடிவில் இன்னொரு தடவை ‘சிப்பை ஓட்டு’. அவ்வளவுதான். சிப்பை ஒவ்வொரு சைக்கிளுக்கும் கூப்பிட வேண்டியதில்லை. யாராவது தொட்டால் மட்டும் அது விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஓடி வந்து சேர்ந்துகொள்ளும்.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். சைக்கிள் எண்ணியை 64 பிட்டில் வையுங்கள். 32 பிட் எண்ணி, 2 மெகாஹெர்ட்ஸில் சுமார் 36 நிமிடத்தில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், குறியுள்ள எண்ணாக இருந்தால் 18 நிமிடத்திலேயே மைனஸுக்குப் போய்விடும். ‘நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று சத்தமே இல்லை’ என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, ‘பழைய மதிப்பே மறுபடி எழுதப்படுகிறது, விட்டுவிடலாம்’ என்று புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். இரைச்சல் ரிஜிஸ்டரில் எதை எழுதினாலும், அதே மதிப்பாக இருந்தாலும், இரைச்சலை உண்டாக்கும் 15 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் தொடக்க நிலைக்குத் திரும்பும். டிரம் அடியை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஒலிக்கச் செய்ய அந்தக் காலத்து நிரலாளர்கள் இதை நம்பியிருந்தார்கள்.

மூன்றாவது, எங்கே துல்லியம் வேண்டாம் என்பது. சிப் ஒரு பைட்டை வாங்கிக்கொள்ள 32 கிளாக், அதாவது 8 மைக்ரோ வினாடி எடுக்கும். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளின் நீளம் 20.8 மைக்ரோ வினாடி. பைட் எந்தக் கணத்தில் உள்ளே போனது என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒரு கணத்தைத் தீர்மானித்து, எப்போதும் அதையே பின்பற்றினால் போதும்.

நேரம் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை. 140, 17, 144 என்ற மூன்று பைட்களைச் சிப்புக்கு அனுப்புங்கள், முதல் சேனலில் 440.14 ஹெர்ட்ஸ் முழுச் சத்தத்தில் வரும். பிறகு 20,000 சிபியு சைக்கிளுக்கு ஒருமுறை 159, 144, 159, 144 என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். 159 சத்தத்தை அணைக்கும். வேவ் கோப்பில் ஒலி 480 சாம்பிள், மௌனம் 480 சாம்பிள் என்று வரிசையாக நிற்க வேண்டும். கோப்பு முழுக்க ஒரே ஒலியாகவோ ஒரே மௌனமாகவோ இருந்தால் பிரேம் முடிவில்தான் இன்னும் சிப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சத்தத்தின் அளவு

15 படிகள், படிக்கு 2 டெசிபெல், கடைசியில் மௌனம். உச்சத்தை 8000 என்று வைத்து ஒவ்வொரு படிக்கும் 0.7943-ஆல் பெருக்கிக்கொண்டே வந்தால் 8000, 6355, 5048, 4009 என்று இறங்கும். ஏன் 8000 என்றால், நான்கு சேனலும் சேர்ந்து உச்சத்துக்குப் போனாலும் 32,000-தான். 16 பிட்டின் எல்லையான 32,767-ஐத் தாண்டாது. டோன் எண் பூஜ்யமாக இருந்தால் இந்தச் சிப்பில் அது 1024 என்று பொருள். செகாவின் மெஷின்களில் இருந்த வகைக்கு இது பொருந்தாது, அங்கே ஷிஃப்ட் ரிஜிஸ்டரும் 16 பிட். நிரலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள்.

இரண்டரை லட்சத்திலிருந்து 48 ஆயிரத்துக்கு

250 ÷ 48 என்பது 5.2083. ஒரு சாம்பிளுக்கு 5 டிக் என்று வெட்டினால் 4 சதவீதம் பிசகும், காது உடனே கண்டுபிடித்துவிடும். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்:

ஒவ்வொரு டிக்குக்கும்:
  மிச்சம் = மிச்சம் + 48000
  மிச்சம் ≥ 250000 என்றால்: மிச்சத்திலிருந்து 250000 கழி, ஒரு சாம்பிள் வெளியே விடு

இப்போது கண்ணிக்கு வருவோம். இன்டர்லேஸை அணைத்துவிட்டால் பிரேமுக்கு 312 வரி, வரிக்கு 128 சைக்கிள், மொத்தம் 39,936. அப்போது பிரேமுக்குக் கிடைக்க வேண்டியது 958.464 சாம்பிள். நீங்கள் 960 என்று நட்டு வைத்திருந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 77 சாம்பிள் கூடுதலாக உற்பத்தியாகும். 2048 சாம்பிள் இடைவெளி 27 வினாடியில் நிரம்பி வழியும். மேலே உள்ள மிச்சக் கணக்கு பிரேமைப் பற்றிக் கவலைப்படாது. சைக்கிள் எவ்வளவோ அவ்வளவு சாம்பிள்.

அடுத்தது, சாம்பிள் வெளியே விடும் கணத்தில் அலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுப்பது. இது மோசமான பழக்கம். பிபிசி மைக்ரோவில் பதிவு செய்த பேச்சை ஒலிக்கச் செய்ய ஒரு தந்திரம் உண்டு. டோன் எண்ணை 1 என்று வைத்தால் அலை 1,25,000 ஹெர்ட்ஸில் புரளும், யார் காதுக்கும் எட்டாது. அதன் சத்த அளவை வேகவேகமாக மாற்றினால் அந்த மாற்றமே பேச்சாகக் கேட்கும். கண்ணில் பட்ட சாம்பிளை எடுத்தால், எட்டாத அந்த அலை 48,000-இல் மடிந்து (சாம்பிள் வேகத்தில் பாதியைத் தாண்டிய அதிர்வெண் கீழே திரும்பி வருவதுதான் மடிப்பு) 19,000 ஹெர்ட்ஸிலும், அதன் மூன்றாம் மடங்கு 9,000 ஹெர்ட்ஸிலும் விசிலாக வந்து உட்காரும். இதற்குப் பயந்து ‘கேட்காத அதிர்வெண்ணை அணைத்துவிடு’ என்று சிலர் எழுதுவார்கள். விசிலோடு பேச்சும் போய்விடும்.

குறைந்தபட்சம், இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே வந்த 5 அல்லது 6 டிக்குகளின் சராசரியை எடுங்கள். பேச்சு தெளிந்துவிடும். டோன் எண் சிறியதாக இருக்கும் உச்சஸ்தாயிச் சுரங்களில் மட்டும் மடிப்பு இன்னும் கேட்கும். முழுத் தீர்வு, அலை புரளும் ஒவ்வொரு இடத்திலும் பட்டையடக்கிய, அதாவது மடியக்கூடிய உயர் அதிர்வெண்கள் நீக்கிய, ஒரு படியை வைப்பது. ஷே கிரீனின் பிளிப்-பஃப் நூலகம் இதைத்தான் செய்கிறது. எந்த டிக்கில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று சொன்னால் போதும், மிச்சக் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சொந்தமாக எழுதிப் பழக ஆசை என்றால் சராசரியில் தொடங்குங்கள். வெளியிடப் போகிறீர்கள் என்றால் நூலகத்தை எடுத்துக்கொள்வதே நல்லது.

இந்தச் சிப்பின் வெளியீடு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதை அப்படியே விட்டால் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ‘தொப்’ என்று விழும். வெளியே = உள்ளே − முந்தைய_உள்ளே + 0.995 × முந்தைய_வெளியே என்ற ஒரு வரி போதும். 48,000 ஹெர்ட்ஸில் இது சுமார் 38 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடித்துவிடும்.

ரிங் பஃபர்

பஃபர் ஓர் ஊருணி மாதிரி. மழை தன் போக்கில் கொட்டும், ஊர் தன் போக்கில் மொள்ளும். எமுலேட்டர் ஒரு பிரேமுக்கு 960 சாம்பிளை ஒரேயடியாகக் கொட்டுகிறது, சவுண்டு கார்டு 512, 512-ஆக மொண்டுகொண்டு போகிறது. அடுத்த மழை வரும்வரை தரை தெரியாமல் இருக்க வேண்டும்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள்: ஒரு கொட்டு 960, ஒரு மொள்ளல் 512, இயக்க முறைமை தாமதிப்பதற்காக இன்னொரு 500. ஆக இலக்கு ஏறத்தாழ 2,000 சாம்பிள், 42 மில்லி வினாடி. இதைக் குறைக்க வேண்டுமென்றால் பிரேமை நான்காக வெட்டி, 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை 10,000 சைக்கிள் ஓட்டுங்கள். கொட்டு 240 ஆகிவிடும், இலக்கு ஏறத்தாழ 1,250-க்கு இறங்கும், தாமதம் 26 மில்லி வினாடியாகும். நான்கு துண்டையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு 20 மில்லி வினாடி தூங்கினால் ஒரு பயனும் இல்லை.

ரிங்கின் மொத்தக் கொள்ளளவு 8192 இருக்கட்டும். கொள்ளளவு பெரிதாக இருப்பதால் தாமதம் கூடாது, எவ்வளவு நிரப்பி வைக்கிறீர்கள் என்பதே தாமதம். படிக்கும் எண், எழுதும் எண் இரண்டையும் ஏறிக்கொண்டே போகும் 32 பிட் குறியற்ற எண்களாக வைத்து, அணுகும்போது மட்டும் 8191-உடன் ‘அண்ட்’ செய்யுங்கள். எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் ஒருவர் என்பதால் பூட்டு தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களும் அட்டாமிக்காக (பாதி மாறிய நிலையில் யாரும் பார்க்க முடியாதபடி) இருக்க வேண்டும். எழுதும் எண்ணை உயர்த்தும்போது ‘ரிலீஸ்’, அதைப் பார்க்கும்போது ‘அக்வயர்’. நினைவக வரிசை குலையாமல் காப்பவை இவை. இன்டெல் லேப்டாப்பில் இதை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் ஓடும். அதே நிரல் ராஸ்ப்பெர்ரி பையில் எப்போதாவது கிழிபடும். ஆர்ம் சிபியு நினைவகத்தில் எழுதுவதை வரிசை மாற்றிக் காட்டும், சாம்பிள் வருமுன்னே ‘வந்துவிட்டது’ என்ற எண் வந்துவிடும்.

கால்பேக்குக்குள், அதாவது சவுண்டு கார்டுக்குச் சாம்பிள் தேவைப்படும்போது கூப்பிடப்படும் நிரல்துண்டுக்குள், நகலெடுப்பதைத் தவிர எதையும் செய்யாதீர்கள். நினைவகம் கேட்பது, திரையில் அச்சிடுவது, கோப்பு எழுதுவது, பூட்டுக்குக் காத்திருப்பது எல்லாமே வெளியே. சாம்பிள் தீர்ந்துபோனால் சட்டென்று பூஜ்யம் போட வேண்டாம், அதுதான் டப். கடைசி மதிப்பிலிருந்து மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். எத்தனை தடவை தீர்ந்தது என்று ஓர் எண்ணியை ஏற்றிவிட்டு, அதை நிரலின் முக்கிய ஓட்டத்திலிருந்து (மெயின் த்ரெட்) அச்சிடுங்கள்.

இரண்டு கடிகாரம்

எல்லாம் சரியாக எழுதிய பிறகும் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல் ஒரு டப் வரும். லேப்டாப்பின் கடிகாரமும் சவுண்டு கார்டின் கிரிஸ்டலும் ஒன்றில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவு வித்தியாசம் இருந்தாலே வினாடிக்கு 2.4 சாம்பிள் நழுவும். கையிருப்பு 960 என்றால் 400 வினாடியில் காலி. ஒழுங்கான இடைவெளியில் டப் வந்தால் கடிகார நழுவல். தாறுமாறாக வந்தால் இயக்க முறைமையோ மெஷின் வேகமோ காரணம். இடைவெளியைக் குறித்துப் பாருங்கள், பாதி நோய் தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து, கையிருப்பைப் பார்த்து உற்பத்தி வேகத்தை இம்மியளவு கூட்டிக் குறைப்பது:

வித்தியாசம் = (இலக்கு − சராசரி_இருப்பு) ÷ இலக்கு
திருத்தம் = 0.005 × வித்தியாசம்
வெளியீட்டு_வேகம் = 48000 × (1 + திருத்தம்)

திருத்தம் +0.005-க்கும் −0.005-க்கும் வெளியே போகாமல் கட்டுங்கள். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருள் இயல்பாக வைத்திருக்கும் எல்லையும் 0.005-தான். இருப்பை எப்போதும் ஒரே இடத்தில், சாம்பிள்களைக் கொட்டி முடித்த கையோடு, அளக்க வேண்டும். ஒருதடவை கொட்டுமுன், ஒருதடவை கொட்டியபின் என்று அளந்தால் அளவு 960 வரை துள்ளும், சுருதியும் கூடவே துள்ளும். அளந்ததை நேரே பயன்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் 32-இல் ஒரு பங்கு மட்டும் சராசரியில் கலந்து வாருங்கள்.

சுருதி ஆடுகிறதா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். 440.14 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, பக்கத்தில் ட்யூனர் செயலியிலோ மின்சுருதிப் பெட்டியிலோ 440-ஐ வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏழு வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கினால் சரி. வினாடிக்கு இரண்டு தடவை அதிர்ந்தால் திருத்தம் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

திருத்தத்தின் மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள், நிறையச் சொல்லும். ஆரோக்கியமான எமுலேட்டரில் அது 0.0001 அளவில் அடங்கியிருக்கும். −0.0016-இல் போய் நிலைத்து நின்றால், பழைய 960 இன்னும் எங்கேயோ நட்டு வைத்தபடியே இருக்கிறது. திருத்தம் அந்தத் தவறை டப் இல்லாமல் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. 50 பிரேம் மெஷினை 60 ஹெர்ட்ஸ் திரையோடு பூட்டுவதற்கும் இது மருந்தாகாது. அந்த வித்தியாசம் 20 சதவீதம். அங்கே ஒலியைத் தலைமையாக வைத்து, படத்தில் சில பிரேம்களை இரண்டு தடவை காட்டுவதுதான் வழி.

மெஷின் பக்கம்

விண்டோஸில் டைமர் இடைவெளியை 1 மில்லி வினாடிக்குக் குறைக்காமல் ‘1 மில்லி வினாடி தூங்கு’ என்றால் 15.6 மில்லி வினாடி வரை தூங்கிவிடலாம். 48,000 ஹெர்ட்ஸ் கேட்டீர்கள் என்பதற்காக அதுவே கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதனம் திருப்பித் தரும் வேகத்தைப் படித்து அதையே கணக்கில் வையுங்கள். புளூடூத் ஹெட்போனில் தாமதத்தைச் சோதிக்காதீர்கள், அதன் சொந்தத் தாமதமே உங்கள் பஃபரைவிடப் பல மடங்கு.

நம் பக்கத்துக் கோடையில் இரண்டு தொல்லை. கரண்டு போனதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறி, சிபியு வேகத்தை இறக்கும். அதுவரை சுத்தமாக இருந்த ஒலி அந்த நொடியிலிருந்து பொரியும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை கட்டாயம் ஓட்டுங்கள். ராஸ்ப்பெர்ரி பை 4 என்றால் 80 டிகிரி செல்சியஸில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டை எட்டுவது கடினமில்லை. தீர்ந்துபோன எண்ணியோடு சேர்த்துச் சூட்டையும் அச்சிட்டால், பழி நிரல்மீதா வெயில்மீதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, நிறுத்தமும் வேக ஓட்டமும். நிறுத்தும்போது 240 சாம்பிளுக்குள் ஒலியை இறக்கி, திரும்பத் தொடங்கும்போது ரிங்கை இலக்குவரை நிரப்பிய பிறகே கால்பேக்கைத் திறந்துவிடுங்கள். வேக ஓட்டத்தில் திருத்தத்தை அணைத்துவிட்டு, ரிங்கில் இடம் இல்லாத சாம்பிள்களை அப்படியே கீழே விடுங்கள். வெளியே வரும்போது சராசரி இருப்பை இலக்கின் மதிப்புக்கே மாற்றிவையுங்கள். மறந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பாட்டு சுருதி சற்று ஏறி ஒலிக்கும்.